கடகட வண்டியில் போனது யார்?

செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தால், கஸ்தூரி. எங்கள் தெருக்காரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள்.

"இன்னாக்கா எழுதி வெச்ச? என் வேலையே போய்டும் போல!"

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

இரண்டு வாரம் முன்பு இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எழுதியிருந்தேனே... 'கடகட வண்டி, கதவில்லா வண்டி, ஏறிப் போனா எப்ப வருவே?' என்று குழந்தைகளுக்குப் பாடுவோமே — அது காலராவில் செத்தவர்களை ஏற்றிப்போன வண்டி என்று? பள்ளிகொண்டா பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் சொன்னது. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அது பெரிய சரித்திரமாகத் தெரிந்தது. எழுதிவிட்டேன்.

அப்புறம் கடிதங்கள்! தோல் மண்டிக்குப் போன வண்டி என்கிறார் ஒருவர். இல்லவே இல்லை, குடியாத்தத்திலிருந்து லுங்கிக் கட்டு ஏற்றிய வண்டி என்கிறார் இன்னொருவர். எனக்கு ஒரே குஷி.

கஸ்தூரியோ, காலையில் அம்மாவைப் பிரிந்து அழுகிற குழந்தைகளை அந்தப் பாட்டைப் பாடித்தான் சமாதானப்படுத்துவாளாம். அங்கே குழந்தையை விட்டுப் போகும் ரேவதி என்ற பெண் என் பத்தியைக் காட்டி சூப்பர்வைசரிடம் புகார் செய்துவிட்டாளாம். என் பிள்ளைக்குப் பிணப் பாட்டா? வேறு ஆளைப் போடுங்கள் என்று!

நாலு பேர் எதிரில் பேசு என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தானே எழுதுகிறேன்? ஆனாலும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாயந்திரம் ஷிஃப்ட் விடும் நேரத்துக்குக் கம்பெனிக்குள், குழந்தைகள் அறை வாசலில் போய் நின்றேன்.

ரேவதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அதை எழுதுனது நான்தாம்மா. பஸ்ல யாரோ சொன்னது. நிஜமான்னு எனக்குத் தெரியாது."

"அப்ப எதுதான் நிஜம்?"

"அதுவும் தெரியாது."

"தெரியாமயா புக்குல போட்டீங்க?" குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "மிஷின்ல குந்துனா அந்த வண்டிதான் கண்ணு முன்னால வருது. அதுல என் புள்ள..."

தலையைக் குனிந்துகொண்டேன்.

கேட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர், "சரி, கஸ்தூரியே இருக்கட்டும். அந்தப் பாட்டு மட்டும் வேணாம்" என்றார்.

வேலை பிழைத்தும், வெளியே வந்தபோது கஸ்தூரி சிரிக்கவில்லை.

"அவரு பாடுன்னாலும் இனிமே எனக்கு வாய் வராதுக்கா. நாளைக்கு அதுங்க அழுதா இன்னா பண்றது, சொல்லு?"

அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எப்படிச் செத்தது என்றால்... அதற்கு மட்டும் சாட்சி நானே!