வெள்ளகவிப் பயணமும் ஓஎஸ்பிஎஃப் முகவரியும்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளகவிக்குப் போனேன். விடுதியில் என் அறைத் தோழன் செல்வராஜின் ஊர் அது. அவனுக்கு வாத்தியார் வேலை உத்தரவு சனிக்கிழமை மாலை மதுரை விடுதிக்கு வந்தது. திங்கள் காலை பத்து மணிக்குள் சேராவிட்டால் வேலை போய்விடும். அவனோ ஊரில் இருந்தான். அந்த ஊருக்குச் சாலையும் கிடையாது, போனும் கிடையாது. உத்தரவுக் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலை ஐந்து மணி பஸ். ஆறரைக்கு வத்தலக்குண்டு. அங்கே கொடைக்கானல் பஸ் கண்டக்டரிடம் வழி கேட்டேன்.

"வெள்ளகவிக்குங்களா? வட்டக்கானல்ல குதிரைக்காரர் மாயாண்டியப் பாருங்க. கோடைல டீக்கடை அந்தோணி அண்ணன்தான் எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாரு. பத்து மணிக்கெல்லாம் மூட்டையோட ஊருக்கு எறங்கிருவாரு, வெரசா போங்க."

ஒன்பதேகாலுக்குக் கோடையில் இறங்கினேன். நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். செய்தி அந்தோணியுடையதுதானே என்று ஊரின் மறுகோடியில் இருந்த அவர் கடைக்கு ஓடினேன்.

"எங்கிட்ட எதுக்கு சார் வந்தீங்க? மாயாண்டியப் பாக்கத்தானே சொல்லிவிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அந்தோணி.

மணி ஒன்பதே முக்கால். வட்டக்கானல் இன்னும் ஆறு கிலோமீட்டர். சாலையில் கைகாட்டிக்கொண்டே ஓடினேன். நல்லவேளை, ஒரு காய்கறி ஜீப் ஏற்றிக்கொண்டது.

பின்னாளில் நெட்வொர்க் பாடம் நடத்தியபோது இதே அந்தோணிதான் கைகொடுத்தார். ஓஎஸ்பிஎஃப் என்பது, நெட்வொர்க்கில் வழிகாட்டும் கருவிகளான ரூட்டர்கள் தமக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் முறை. வெளி நெட்வொர்க்குக்கு வழி உண்டு என்று எல்லை ரூட்டர் அறிவிக்கும்போது ஃபார்வர்டிங் அட்ரஸ் ஒன்றும் கூடவே வரும். அது பூஜ்யமாக இருந்தால் அறிவித்தவரிடமே போக வேண்டும். வேறு முகவரி இருந்தால் அறிவித்தவரை விட்டுவிட்டு நேரே அங்கே போக வேண்டும். ஒரு நிபந்தனை: அந்த முகவரிக்கு ஓஎஸ்பிஎஃப்புக்குள்ளேயே பாதை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்த அறிவிப்பையே ரூட்டர் ஒதுக்கிவிடும். வட்டக்கானலுக்கே வழி தெரியாதவனுக்கு மாயாண்டி பெயர் எதற்கு? அறிவித்தவர் அந்தோணி, முகவரி மாயாண்டி, தகவலைச் சுமந்து போகும் பாக்கெட் நான். நிஜ பாக்கெட் சொந்த மூளையைப் பயன்படுத்தாது, அதனால் சரியாகப் போய்ச் சேருகிறது.

பத்தே காலுக்கு வட்டக்கானல். மாயாண்டி இன்னும் அங்கேயே இருந்தார்! "மூட்டை சரிஞ்சு கெடக்குங்க, திரும்பக் கட்டுறேன். இல்லேன்னா அப்பவே எறங்கியிருப்பேன்" என்றார். குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டரை மணி நேர இறக்கம். "அந்தோணி அண்ணன் அடிக்கடி வருவாரா?" என்று கேட்டேன்.

"அவரா? எங்க ஊர்ப் பக்கமே வந்ததில்லைங்க. ஆனா வழி மட்டும் சரியாச் சொல்லுவாரு."

வெள்ளகவியில் கவரைப் பிரித்ததும் செல்வராஜ் என்னைத் தூக்கிச் சுற்றினான். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பிட்ட கையோடு இருவரும் மறுபக்கம் மலையடிவாரத்துக் கும்பக்கரைக்கு இறங்கி, பெரியகுளத்தில் மதுரை பஸ்ஸைப் பிடித்தோம்.

நீங்கள் போவதானால் விடியுமுன் வெள்ளனே கிளம்புங்கள். யாரைப் பார்க்கச் சொன்னார்களோ, நேரே அவரிடம் போங்கள். வெள்ளகவிக்குள் செருப்புப் போடும் வழக்கமில்லை. ஊர் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். மறுபக்கம் இறங்குவதானால் ஞாபகமாகக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். செல்வராஜ் சந்தோஷத்தில் மறந்துவிட்டான். திங்கள் காலை ஒன்பது நாற்பதுக்கு, வெறுங்காலோடு நின்று வேலையில் சேர்ந்தான்.