முதலைக் குளத்தில் மிதந்த மணமாலை

“…மாலைய திருப்பி வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவக்கூடாதுக்கா. அவரு தொப்பூர்க் கணவாயில லாரி ஓட்டுறவரு. எதாச்சும் ஆயிட்டா?” என்று என் தங்கை மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல்லில் நின்றுகொண்டிருந்தோம். வைகாசியில் கல்யாணமான அவளை ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கல்யாண மாலைகள் இரண்டையும் காயவைத்துப் பத்திரப்படுத்தி, பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். அதற்காகவே பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து விடியுமுன் பஸ் ஏறினோம். வந்து பார்த்தால், காவேரி செந்நிறமாக உறுமிக்கொண்டு போகிறது. கயிறு கட்டிப் போலீஸ் நிற்கிறது. ஒரு பூவைக்கூடக் கிட்டே போய்ப் போட விடவில்லை.

என் வீட்டுக்காரர், “நான் போயி பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிறேன். வந்ததுக்கு முதலையவாச்சும் பாத்துட்டு வாங்க” என்று கிளம்பிவிட்டார்.

முதலை வளர்க்கும் இடத்தில் திருவிழாக் கூட்டம். வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தவற்றைப் பார்த்து, “பொம்மையாப்பா?” என்று ஒரு குழந்தை கேட்டது. கடைசி மூலையில் இருந்த குளத்தருகே மட்டும் ஆளே இல்லை. மழையில் தண்ணீர் இடுப்பளவுச் சுவரின் விளிம்பு வரை ஏறியிருந்தது. பச்சைப் பாசி. ஒரு சுழிப்பு இல்லை, ஒரு குமிழி இல்லை. அருவிச் சத்தம்கூட அங்கே வந்ததும் அடங்கிப்போன மாதிரி இருந்தது.

“இதுல ஒண்ணயும் காணமே. இதுவும் காவேரித் தண்ணிதானேக்கா?”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அன்று பஸ் போய்விடுமே என்ற அவசரம். “தண்ணி தண்ணிதான்டி. போடு” என்றேன்.

ஒரு மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் போட்டாள். அது பாசிமேல் வட்டமாக மிதந்தது. கும்பிட்டுக்கொண்டு நின்றோம். அப்புறம் அது நகர்ந்தது.

காற்றே இல்லை. பக்கத்தில் மிதந்த வேப்பிலை கிடந்த இடத்திலேயே கிடந்தது. மாலை மட்டும் மெதுவாக, நேராக, எங்களை நோக்கி வந்தது. “திரும்பி வருதுக்கா… ஆத்தா வேணாங்கறா” என்றாள். அது அவள் குரலாகவே இல்லை. சுவரில் வயிற்றைப் பதித்துக் குனிந்து, “போ… போ…” என்று கன்றுக்குட்டியைத் தள்ளுவதுபோல் கையை நீட்டினாள். கட்டிப்போட்ட மாதிரி நானும் நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் சடையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது. அந்த முதலைக் குளங்களின் காவல்காரர். “யோவ், யாரு மேல கை வெக்கிற?” என்று நான் வாயைத் திறக்கவும், கனத்த மரக்கதவை அறைந்து சாத்தியதுபோல் ஒரு சத்தம். முகத்தில் தண்ணீர் தெறித்தது. திரும்பிப் பார்த்தால் மாலை இல்லை. பாசி மறுபடி மூடிக்கொண்டிருந்தது.

“அதும் மூக்கு மேலதாம்மா மாலை இருந்துச்சு” என்றார் அவர். அவருக்கே மூச்சு வாங்கியது.

தரையில் விழுந்து கிடந்தவள் கேட்ட முதல் கேள்வி, “அது யாரு மாலைக்கா? அவரோடதா, என்னோடதா?” இரண்டும் காய்ந்து ஒன்றுபோலத்தான் இருந்தன. எனக்கு எப்படித் தெரியும்?

“மாலையத்தான கேட்டுச்சு, ஆளக் கேக்கலியே. சந்தோசப்படும்மா” என்றார் காவல்காரர். “அந்த இன்னொண்ணக் குடு. வெள்ளம் வடிஞ்சதும் நானே ஆத்துல வுட்டுர்றேன்.”

“வேணாங்க” என்றாள். “இது அவரோடதா இருந்தா?”

தங்கை வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. பல வருஷம் அதே கணவாயில் ஓட்டி, நல்லபடியாகத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது என்றவள், மாலையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். பென்னாகரம் தாண்டும்வரை, உதிர்ந்த ஒவ்வோர் இதழையும் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்த நான், அன்றிலிருந்து யாரிடமும் ‘செய்’ என்று சொல்லுமுன், குனியப்போவது யார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.