மிளகுக்கு வந்த அரசாங்கப் பதில்

மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே, ஒரு அரசாங்கக் காரியாலயத்துக்கு எதிரே உள்ள போட்டோகாப்பி கடையில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். படிவம் நிரப்புவது, கடிதம் டைப் பண்ணுவது எல்லாம் நான்தான். வேலை இழுபடுகிறது என்று யாராவது புலம்பினால், "ஏதாச்சும் கையில குடுத்துப் பாருங்க" என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். தப்பு என்று தோன்றியதே இல்லை. மழைக்குக் குடை கொண்டுபோகச் சொல்வது மாதிரிதான் சொன்னேன்.

கடைக்கு வரும் ஒரு அக்கா, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். நாற்பத்திரண்டு வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர், பிறந்ததை யாரும் பதியவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை, பேங்கில் அவர் பெயரில் புத்தகமும் இல்லை. இப்போதாவது பதியலாம் என்று விண்ணப்பம் போட்டு ஒரு வருடமாகியிருந்தது. அதற்கு ஒரு உத்தியோகத்தர் அறிக்கை எழுதவேண்டும். போகும்போதெல்லாம் "அடுத்த கிழமை வாங்க" என்பார். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு அன்றைய சம்பளம் போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை, கனமான பையோடு கடைக்கு வந்தார்.

"என்னக்கா இது?"

"ஐயாவுக்கு மிளகு. நம்ம வீட்டுக்குப் பின்னால காய்ச்சது. குடுத்தவங்களுக்கெல்லாம் அன்னைக்கே கையெழுத்து விழுந்திருச்சாம்."

வேறு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். அன்றைக்கு என்னவோ, பிறந்ததற்கே ஒரு மனுஷி லஞ்சம் கொடுப்பதா என்று எரிச்சல் வந்தது. தகவல் அறியும் உரிமை விண்ணப்பப் படிவம் ஒரு கட்டு, எப்போதோ யாரோ கொடுத்துவிட்டுப் போனது, மேசை லாச்சிக்குள் தூசி பிடித்துக் கிடந்தது. ஒன்றை உருவினேன்.

"மிளகு இருக்கட்டும்க்கா. முதல்ல கேள்வி கேட்டுப் பார்ப்போம்."

கடை முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுவோம், கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "காரியாலயத்து ஆளுங்களும் நம்ம கடைக்குத்தான் வாராங்க தங்கச்சி. மரியாதையா எழுதுங்க."

மரியாதையாகவே எழுதினேன். என் விண்ணப்பம் எந்தத் திகதியில் கிடைத்தது? இப்போது யாரிடம் இருக்கிறது? தாமதத்துக்குக் காரணம் என்ன? வாசித்துக் காட்டியதும் அக்கா யோசித்தார்.

"மிளகு எவ்வளவு குடுக்கணும்னும் கேளு."

"அதையெல்லாம் எழுத முடியாதுக்கா."

"ஏன்? சட்டத்துல இருந்தா குடுத்திட்டுப் போறேன். இல்லன்னா இல்லன்னு எழுத்துல சொல்லட்டும்."

நானா சிரித்துவிட்டார். "எழுதுங்க, எழுதுங்க" என்றார். எழுதினேன். அக்கா எதிரே போய்க் கொடுத்து, கிடைத்ததற்குத் திகதியோடு கையெழுத்தும் வாங்கி வந்தார்.

பதில் வருவதற்கு முன்பே அறிக்கை மேலே போய்விட்டது. கேள்விக்குத் திகதி விழுந்ததும் கோப்புக்குக் கால் முளைத்துவிட்டது. பிறகு பதிலும் வந்தது. சுத்தமான அரச தமிழில், முத்திரையோடு. கடைசி வரி இப்படி இருந்தது: "மேற்படி சேவைக்குக் கட்டணம் எதுவும் இல்லை. மிளகு அறவிடப்படுவதில்லை."

அக்கா அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு இருபது காப்பி கேட்டார். ஒன்றை லயத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டினாராம். ஒன்றை நானா எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். அந்த உத்தியோகத்தர் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறார். ஆனால் இப்போது விண்ணப்பம் வாங்கினால், கேட்காமலே திகதி போட்டுக் கொடுக்கிறார். கையில் கொடுத்துப் பாருங்கள் என்று நானும் யாருக்கும் சொல்வதில்லை.

சில மாதம் கழித்து அக்கா அடையாள அட்டையோடு வந்தார். படத்தில் முகம் களவெடுத்தவள் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பின்னால் அவருடைய லயத்துப் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள்.

"இவங்களுக்கும் கேள்வி இருக்கு" என்றார். "நாற்காலி போடு."