கிள்ளானில் ஒரு மதியச் சாப்பாடும் என் சந்தேகங்களும்

திருச்சியில் ஏறிய விமானம் சனிக்கிழமை காலையில் கோலாலம்பூரில் இறங்கியது. அங்கிருந்து நகருக்குள் போக விரைவு ரயிலுக்கு ஐம்பத்தைந்து வெள்ளி. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம். வெளியே வந்து சாலையைக் கடந்தால் பிரிக்பீல்ட்ஸ். மாலை கட்டும் கடைகள், நகைக்கடைகள், ஊதுவத்தி வாசனை. நம் ஊர்க் கடைவீதியைக் கழுவித் துடைத்து வைத்தது போல் இருந்தது.

என்னை அழைத்துப்போக வருவதாகச் சொன்னவர் ராஜேந்திரன், என் மனைவி வசந்தாவின் ஒன்றுவிட்ட அண்ணன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கிள்ளான் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது அதே கம்பெனியில் அலுவலக வேலை. வசந்தாவின் பள்ளியில் தேர்வு நேரம் என்பதால் நான் மட்டும் வந்திருந்தேன். அவரை நேரில் பார்த்ததில்லை. கைப்பேசியில் ஒரு படம்தான் இருந்தது. கன்னம் உப்பி, சட்டைப் பொத்தான்கள் தெறிக்கும் நிலையில் கேக் வெட்டுகிற பெரிய மனிதர்.

என் முன்னால் வந்து நின்றவரோ ஒல்லி. பேண்டை இடுப்பில் சுருக்கிப் பெல்ட்டால் இறுக்கியிருந்தார்.

"மாப்ள! பசியாறியாச்சா?"

விபத்தில் சிக்கிய வாகனங்களைப் பார்த்து இழப்பீடு மதிப்பிடுவது என் தொழில். பழைய நசுங்கலைப் புதிய விபத்தில் சேர்க்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எதையும் உடனே நம்பாத குணம் வந்துவிட்டது. பெட்டியை அவர் கையில் கொடுக்காமல், "வசந்தாவ வீட்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

"குண்டுமணி. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான் மச்சான்."

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டார். படம் பழையது போல என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். காரை அவர் காடி என்றார். பெடரல் நெடுஞ்சாலையில் பெட்டாலிங் ஜெயா வரை ஊர்ந்தோம். அதற்குப் பிறகு ஓட்டம்தான். கிள்ளானுக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வழியெல்லாம் விமானத்தில் என்ன கொடுத்தார்கள், எப்படி இருந்தது என்றே கேட்டுக்கொண்டு வந்தார். சாம்பார் சாதத்துக்கு ஒரு நீண்ட விசாரணை.

நேராக வீட்டுக்குப் போவோம் என்று நினைத்திருந்தேன். கிள்ளானில் ஒரு கடைவரிசையின் முன்னால் வண்டியை நிறுத்தினார். மாடியில் ஸ்டீம்போட் பூஃபே. மேசை நடுவில் சூப் கொதிக்கும் சட்டி, அதைச் சுற்றி வாட்டுவதற்கு ஒரு தட்டு. இறால், மீன், கோழி எல்லாம் பச்சையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதை எடுத்து வந்து நாமே வேகவைத்துச் சாப்பிட வேண்டும். ஆளுக்கு நாற்பத்தைந்து வெள்ளி. ஒன்றரை மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். தட்டில் மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் என்று சுவரில் எழுதியிருந்தது.

தட்டு கொண்டுவந்த தமிழ்ப் பெண் அவரைப் பார்த்ததும், "அங்கிள், இன்னிக்கு வேற ஆளா?" என்றாள்.

அவர் ஒரு குவளை வெந்நீர் மட்டும் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷனா?

ராஜேந்திரன் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து குவித்தார். உள்ளங்கை நீள இறால், கணவாய், சாத்தே மசாலா தடவிய கோழி, மீன் உருண்டை, லாலா என்று அவர்கள் சொல்லும் சிப்பி. தானே வாட்டினார், தானே தோலுரித்தார், என் தட்டில் வைத்தார். தன் தட்டில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க எடுத்துக்கல?"

"நான் வீட்ல சாப்பிட்டேன். நீங்க அந்தக் கணவாயக் கடிச்சுப் பாருங்க. மெத்துன்னு இருக்கா, இழுக்குதா?"

"மெத்துன்னுதான் இருக்கு."

"ஓரத்துல கருகிருக்கே, அது கசக்குதா?"

"இல்ல. இனிப்பா இருக்கு."

"ஆ! அதான் லா வேணும்." பேச்சின் நடுவே 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம்.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கியதும் அவர் தொண்டையும் ஏறி இறங்கியது. விசாரணைக்குப் போன இடத்தில் டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து நம் முகத்தைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பழையதை என் தலையில் கட்டி, ஒத்துக்கொள்கிறதா என்று சோதிக்கிறார்களா? ஒரு சிப்பியை முகர்ந்து பார்த்தேன். கடல் வாசனைதான் வந்தது.

இவ்வளவு சந்தேகத்தோடும் சாப்பிட்டேன் என்பதுதான் வேடிக்கை. ருசி அப்படி. போதும் என்று கையை மறித்த போதெல்லாம் அவர் முகம் விழுந்துவிடும். உடனே இன்னொன்று வைத்துக்கொள்வேன். கோழிக்குப் பிறகு மீஹூன் என்ற அரிசிச் சேமியா வறுவல், அதற்குப் பிறகு மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், தேங்காய்ப்பால் விட்ட செண்டோல், இரண்டு கிண்ணம் ஐஸ்கிரீம். எழுந்தபோது பெல்ட்டை இரண்டு துளை தளர்த்த வேண்டியிருந்தது. படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அவர் வீடு துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில். பாதி வழி தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. வயிறு கல்லாக நின்றது. முன்னால் போன கண்டெய்னர் லாரிகள் ஆடின.

"மச்சான், நிறுத்துங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டியை ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் ஒடித்துவிட்டார். காரின் கதவில் இருந்த இடுக்கில் மடித்து அடுக்கிய பிளாஸ்டிக் பைகள் இருந்தன. ஒன்றை உருவி, விரித்து, என் முகத்துக்கு நேரே பிடித்தார். அதில் ஒரு வினாடி தயக்கம்கூட இல்லை. பிறகு முதுகைத் தடவியபடி, "மூக்கால மூச்சு விடுங்க. சாயாதீங்க, நேரா உக்காருங்க. தண்ணி குடிக்க வேணாம், நாக்க மட்டும் நனைங்க" என்றார்.

அந்த நிலையிலும் என் மூளை வேலை செய்தது. இவர் பை தயாராக வைத்திருக்கிறார். எனக்கு இப்படி ஆகும் என்று இவருக்கு முன்பே தெரியும்.

பண்டமாரானில் கடைவரிசையில் இருந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டர் நடுவயதுத் தமிழ்ப் பெண்மணி. வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், ராஜேந்திரன் பக்கத்தில் நிற்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னேன்: "சாப்பாட்ல ஏதோ இருக்கு டாக்டர். என்னையத்தான் சாப்பிட வெச்சாரு. இவரு ஒரு துண்டு வாயில வைக்கல."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"நீங்க இவர்கிட்ட சொல்லலயா அங்கிள்?"

ராஜேந்திரன் தலைகுனிந்துகொண்டார். டாக்டர் என் பக்கம் திரும்பி, "விஷமெல்லாம் இல்ல சார். ரெண்டு பேர் சாப்பாட்ட நீங்க ஒருத்தரே சாப்பிட்டிருக்கீங்க, அவ்வளவுதான். இன்னிக்கு ஒண்ணும் வேணாம். நாளைக்கிக் கஞ்சி" என்றார். ஓர் ஊசி, இரண்டு வகை மாத்திரை.

வெளியே வந்து காடியில் உட்கார்ந்தோம். அவர் சாவியைத் திருகவில்லை.

"வயித்துல கட்டி மாப்ள. ரெண்டு வருஷம் ஆச்சு. முக்கால்வாசி வயித்த வெட்டி எடுத்துட்டாங்க. ஒரு இட்லிய மூணு தடவையா சாப்பிடுவேன். மீறினா இந்தப் பைதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பீங்களா?"

நான் மாத்திரைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"தெரிஞ்சவங்க யாரும் என் முன்னாடி சாப்பிடுறதில்ல. கல்யாணத்துக்குப் போனா, நான் உக்காந்த மேசையில ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. என் வீட்டுக்காரி மல்லிகா அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிட்டு வாயத் துடைச்சிக்கிட்டு வருவா. பாவம்னுதான் செய்றாங்க. ஆனா எனக்குச் சாப்பாட்டு ஆசை போகல லா. யாராச்சும் நல்லா சாப்பிடுறத பாத்தாப் போதும். அதான் வெளியூர் ஆளுங்க வந்தா கூட்டிட்டுப் போறேன்." கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். "இப்ப உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு. இனிமே நீங்களும் சாப்பிட மாட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. தன் ஆசைக்காக என் வயிற்றைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தக் கோபத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன். கழுத்துப் பட்டைக்குள் இன்னொரு கழுத்து நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மல்லிகா அக்கா எங்கள் இருவருக்கும் கஞ்சி வைத்தார். எனக்கு ஒரு கிண்ணம், அவருக்கு அதில் கால்வாசி. வைத்துவிட்டு உள்ளே திரும்பினார்.

"அக்கா, உங்க தட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அவர் கணவரைப் பார்த்தார். ராஜேந்திரன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, "கொண்டா" என்றார். அக்கா தோசைத் தட்டோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முதல் இரண்டு விள்ளல்களைச் சட்னி தொடாமலே விழுங்கினார். மூன்றாவதில்தான் தொட்டுக்கொண்டார். என்ன சட்னி, காரமா என்று ராஜேந்திரன் கேட்டார். அக்கா அழுதுகொண்டே, "காரம்தான்" என்றார். கண்ணீர் காரத்தாலா என்று நான் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் விமானம். வழியனுப்ப வந்தவரை, ரயிலுக்கு நேரம் இருந்ததால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நான்தான் இழுத்துப் போனேன். எனக்கு முழு இலை, அவருக்குக் கிண்ணத்தில் ரசம். என் வயிறு இன்னும் முழுதாகத் தேறவில்லை. ஆனாலும் அவர் பார்க்கும்படி பிசைந்தேன், பார்க்கும்படி சாப்பிட்டேன். "மீன் குழம்பு அருமை மச்சான். பாவக்கா மொறுமொறுன்னு இருக்கு. கோஸ் பொரியலும் பிரமாதம்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெஜமாவா? இல்ல எனக்காகச் சொல்றீங்களா?"

"நெஜமாத்தான்."

"மூஞ்சி வேற சொல்லுதே."

மாட்டிக்கொண்டேன். "கோஸ்ல உப்பு அள்ளிக் கொட்டியிருக்காங்க மச்சான். வாயில வைக்க முடியல."

அவர் முகம் மலர்ந்தது. எதிர்ப்பக்கம் பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். நான்கு மேசைக்குக் கேட்கும் குரலில், வயிறு நிறையச் சாப்பிட்ட மனிதனின் அதிகாரத்தோடு சொன்னார்:

"அக்கா! கோஸ்ல உப்பு ஜாஸ்தி லா! யாரு சமைச்சது?"