கொள்ளுத்தாத்தாவுக்குச் சித்தப்பாவின் முகம்

அன்றைக்குப் பாலக்காட்டு நூலக மண்டபத்தில் எங்கள் வீட்டிலிருந்து அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, ஒன்பது வயதில் நான், ஆக ஐந்து பேர்.

கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்தில் அந்த நகரத்திலிருந்து தமிழில் கதைப் புத்தகங்கள் எழுதியவராம். அவருக்கு நூற்றாண்டு விழா என்று கமிட்டிக்காரர்கள் எங்கள் ஊர் எருத்தேன்பதிக்கே தேடி வந்தார்கள். புத்தகம் கேட்டார்கள், கறையான் தின்றிருந்தது. போட்டோ கேட்டார்கள், அவர் எடுத்துக்கொண்டதேயில்லை.

"தாத்தன் மொகம் அப்பிடியே இவனுக்குத்தானுங்க" என்று அப்பா சித்தப்பாவைக் காட்டினார். ஓவியர் வந்து, சித்தப்பாவுக்குத் தலைப்பாகை கட்டி, மீசையை நரைக்கவைத்து வரைந்துகொண்டு போனார்.

மேடையில் எல்லோரும் மலையாளத்தில் அவர் தமிழைப் புகழ்ந்தார்கள். அவர் எழுதியதில் ஒரு வரியை யாரும் வாசிக்கவில்லை. பிறகு திரையை விலக்கி, படத்துக்குக் குங்குமம் வைத்து, சந்தன மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றினார்கள்.

சித்தி சித்தப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடுவார்களா? கமிட்டியும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

"ஏனுங்க, போயிக் கழட்டச் சொல்லுங்க!"

"சும்மா இரு புள்ள. அது தாத்தன் படம்."

"மொகம் ஆரு மொகமுங்க?" என்றவள் என் முதுகைத் தள்ளினாள். "அம்மிணி, நீ ஓடு. கொழந்தைய ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க. அந்த மாலைய எடுத்துட்டு வந்துரு."

எழுந்தேன். படியில் இடறுமோ, விளக்கு பாவாடையில் பற்றுமோ, போலீஸ் பிடிக்குமோ என்று அங்கேயே நின்றுவிட்டேன். சித்தப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இருக்கட்டும் அம்மிணி. எனக்குந்தான் வேற படம் ஏது?" என்று சிரித்தார்.

ஆறே மாதத்தில் அவர் போய்விட்டார். ஓவியர் வருவதற்கு முன்பே கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்திருந்தார்கள் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு தெரிந்துகொண்ட பெரியவர்கள் என்னிடம் சொல்லவில்லை. அன்று ஓடிப்போய் மாலையை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் பல வருஷம் தூக்கம் கெட்டேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியதும் அதற்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன்.

பாலக்காடு போகும்போதெல்லாம் சித்தி என்னை அந்த நூலகத்துக்குக் கூட்டிப்போவாள். படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நிற்பாள். எனக்குப் படிக்கத் தெரியும் என்று காட்ட, கீழே எழுதியிருந்த கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சத்தமாக எழுத்துக்கூட்டுவேன்.

"அதப் படிக்காத அம்மிணி" என்பாள் சித்தி.

நான் ஏதோ தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து எழுத்துக்கூட்டுவேன்.