கேன்வாஸ் ஷூ மாட்டிய கபடி

வெளிநாட்டுக் கபடி அணி ஒன்று நம் பக்கத்து ஊர்களில் ஆட வருகிறது என்று தெரிந்ததும் சங்கரன்கோவிலுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. எங்களுக்கும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று ஊர்க் கபடிக் கமிட்டியில் எழுதிப் போட்டார்கள். ஊரைப் பார்த்து முடிவு சொல்ல மூன்று பேர் வருவதாகப் பதில் வந்தது. உடனே பஸ் ஸ்டாண்டிலிருந்து மைதானம் வரை சுவருக்கெல்லாம் வெள்ளை. வழியில் எருமைகள் படுத்திருந்தன.

“அண்ணாச்சி, இதுகளுக்கும் ஒரு கோட் அடிச்சிருவமா?” என்று கமிட்டித் தலைவரிடம் கேட்டேன்.

“ஒனக்கு வாய் இல்லன்னா நாய் கூட மதிக்காதுலே,” என்றார்.

நானும் என் கூட்டாளியும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தோம். நான் ஒன்பதாம் வகுப்பில் கோட்டை விட்டவன். அவன் அதுவரைகூட வரவில்லை. ஆனால் அவன் பாடிப் போனால் நாலு பேர் சேர்ந்து அமுக்கினாலும் கோட்டைத் தொட்டுவிடுவான். சிவகிரி, புளியங்குடி வரை எல்லாருக்கும் அவனைத் தெரியும். ஆட்டம் எங்கள் ஊருக்கு வந்தால் உள்ளூர் அணியில் அவன்தான் முதல் ஆள். தறி இரைச்சலுக்குள் மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ சொல்லிப் பழகினான்.

“வெளிநாட்டுக்காரன் ஒருத்தனையாவது தொட்டுட்டு வந்திரணும்ல.”

“தொட்டுட்டுக் கையக் கழுவிராத. ஊரே மோந்து பாக்க வரும்.”

அந்த மூன்று பேர் வந்த அன்று அவர்களுக்குக் காட்ட ஓர் ஆட்டம். தலைவர் சாக்கு நிறைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு வந்தார்.

“வெறுங்காலோட ஆடுனா நம்மளப் பரதேசின்னு நெனைப்பாங்கவே. மாட்டுங்க.”

“அண்ணாச்சி, வெரலு மண்ணப் புடிக்கணும். இதுல நிக்க முடியாது,” என்றான் அவன்.

“ஒரு ஆட்டம்தானவே. ஊரு மானம்லா.”

மாட்டினான். “மாப்ளே, பொண்ணு எங்கலே?” என்றேன். அவனும் சிரித்தான்.

புழுதி பறக்கக் கூடாதென்று தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஈரக் கரிசல் ஷூவின் அடியில் அப்பிக்கொண்டது. இரண்டாவது முறை பாடிப் போனவன் சட்டென்று திரும்பினான். உடம்பு திரும்பியது. ஷூ திரும்பவில்லை. முழங்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“ஒண்ணுமில்ல சார், சுளுக்கு,” என்று தலைவர் அந்த மூன்று பேரையும் இளநீர் குடிக்கக் கூட்டிப் போனார்.

அவனைத் தூக்கிக்கொண்டு போகையில் என் காதோரம் கேட்டான்: “ஏலே, ஆட்டம் கெடைக்குமா?”

கிடைத்தது. எலும்புக்குக் கட்டுப் போட்டவர், நடக்கலாம், இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆட்டத்தன்று அவனை சைக்கிளில் வைத்துத் தள்ளிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். வெளிநாட்டுக்காரர்கள் மைதானத்து ஓரத்தில் குனிந்து ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே இறங்கினார்கள். எங்கள் பையன்கள் ஷூவோடு நின்று தலைவரைப் பார்த்தார்கள். “கழத்துங்கவே, கழத்துங்க,” என்று அவர் கையை ஆட்டினார்.

கேலி பேச அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை. நான் அவன் பக்கம் திரும்பினேன்.

அவன் முன்னால் சாய்ந்து, அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, வெரலப் பாரு. நம்மள மாதிரியேதான் ஊணுதானுவ.”