கேளாமல் கொடுத்த குரல்

எங்கள் பக்கத்தில் என் முகத்தை அறிந்தவர்கள் குறைவு. குரலை அறியாதவர்கள் இல்லை. ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும் மரண அறிவித்தல்களில் பாதிக்கு மேல் நான் பதிந்து கொடுத்தவை. கோயில் கொடியேற்றம், சேலைக்கடை விளம்பரம், வெளிநாட்டுப் பிள்ளைகள் செய்விக்கும் நினைவஞ்சலிப் படங்கள், எல்லாவற்றுக்கும் பேசியிருக்கிறேன். சாவகச்சேரிச் சந்தையில் நான் கத்தரிக்காய் விலை கேட்டால் வியாபாரி நிமிர்ந்து பார்த்து, "ஐயா, இண்டைக்கு ஆர் செத்தது?" என்பார். பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு வருவேன்.

தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, தபாலதிபராக ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் மனதுக்குள் என்னை நடிகன் என்றே எண்ணி வந்தேன். இசைநாடக மேடையில் மந்திரி, தூதன், முனிவர் எல்லாம் ஆடியிருக்கிறேன். அரசனாக ஒருநாளும் நின்றதில்லை. எங்கள் குழுவில் அரசன் என்றால் அண்ணைதான்.

அண்ணை என் உடன்பிறந்தவர் அல்லர். வடகரையில் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர். நான் நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தகப்பனோடு கடலுக்குப் போனவர். நான் பரீட்சை எழுதி உத்தியோகத்துக்கு வந்தவன். வசனத்தில் அவர் விடும் பிழைகளைத் திருத்துவது என் வேலை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு மேடைக்குப் போய், கடலில் கச்சான் காற்றுக்கு எதிரே கூப்பிட்டுப் பழகிய அந்தத் தொண்டையைத் திறப்பார். அதற்குப் பிறகு என் திருத்தங்களை யார் தேடப் போகிறார்கள்?

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. நாடகம் நெடுநேரம் போகும். அரசனுக்குத்தான் பாட்டு அதிகம்; கடைசிக் காட்சிகளில் தொண்டை கட்டிவிடும். அப்போது அவர் இடது கையை இடுப்புக் கச்சையில் வைப்பார். அதுதான் அடையாளம். பக்கத்திரைக்குப் பின்னால் ஒலிவாங்கியோடு நிற்கும் நான் அந்த அடியை எடுத்துப் பாடுவேன். முன்னால் அவர் வாயசைப்பார். சனத்துக்குத் தெரியாது. முப்பது வருடம் அப்படிப் பின்னால் நின்று, அவர் மூச்சு எடுக்கும் இடம், எழுத்தை இழுக்கும் விதம், மேலே போகையில் குரலில் வரும் கரகரப்பு எல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டன. ஒருவர் கேளாமல் மற்றவர் குரல் கொடுக்கக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தோடு சேர்ந்தது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒருமுறை நான் அதை மீறினேன். உடுவில் பக்கத்துக் கோயில் ஒன்றில், அவர் குரல் சற்றே தளர்ந்தபோது கையைப் பார்க்காமல் எடுத்துப் பாடிவிட்டேன். இரண்டு குரலும் மோதி ஒலிபெருக்கி இரைந்தது. வேஷம் கலைக்கும்போது கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"என்ன போஸ்மாஸ்டர், என்ரை வாயை வாடகைக்கு எடுத்திட்டியோ?"

"அண்ணை, விழப்போகுது எண்டு நினைச்சன்."

"விழுந்தால் என்ரை தொண்டைதானே விழும். நான் கை வைச்சனானோ? இல்லையெல்லோ."

அதோடு முடிந்தது. அடுத்த நாள் எனக்கு மீன் கொண்டுவந்து தந்தார்.

சில வருடங்களுக்கு முன் கனடாவிலுள்ள எங்கள் பகுதி ஆட்களின் சங்கம் ஒன்று, அண்ணையின் அரசன் பாட்டுகளை வசனத்தோடு பதிந்து அனுப்பும்படி கேட்டது. அப்போது அவருக்கு எழுபத்தெட்டு. நெஞ்சில் சளிக்கட்டு, இரண்டு படி ஏறினால் நிற்கவேண்டும். ஆனாலும் செய்தியைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. தன் குரல் ஒழுங்காக எங்கும் பதிவாகவில்லை, பேரப்பிள்ளைகள் கேட்க ஒன்றாவது இருக்கட்டும் என்றார். உடுவிலில் அவரைத் தன்னோடு வைத்திருந்த அவருடைய மகள்தான் அவரை ஓட்டோவில் சாவகச்சேரி ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் கூட்டிவந்தாள். அவரை இறக்கி என்னிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் மருந்துக்கு இலக்கத் துண்டு எடுக்க வேண்டுமென்று போய்விட்டாள்.

அண்ணை இரண்டு மணித்தியாலம் பாடினார். பாடினார் என்று சொல்வதைவிட முயன்றார் என்று சொல்லலாம். ஒரு அடி நன்றாக வரும். அடுத்த அடியின் நடுவில் மூச்சு அறுந்து இருமல் பிடிக்கும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்குவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பதிவுகாரரோடு இருந்த நான் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கச்சைக்குப் போகவே இல்லை. கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்தபடி கிடந்தது.

வெளியே வந்து, "இன்னொரு நாளைக்கு வாறன். காலைமை எண்டால் நெஞ்சு இளகியிருக்கும்," என்றார்.

நான்கு நாள் கழித்து அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது இயந்திரத்தாலேயே எல்லாவற்றையும் வெட்டி ஒட்டலாம், திரும்ப வந்து கஷ்டப்படத் தேவையில்லை என்றேன். அவர் ஒருமுறை இருமிவிட்டு, "ஓம், நீ பாத்துச் செய்," என்றார். அந்த ஒரு வரியை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். நான் தொலைபேசியை எடுத்ததே ஒலிப்பதிவுக்கூட வாசலில் நின்றுதான்.

அன்றும் அடுத்த நாளும் அரசனின் பாட்டுகள் முழுவதையும் நானே பாடினேன். அவர் மூச்சு எடுக்கும் இடங்களில் மூச்சு எடுத்தேன். அந்தக் கரகரப்பையும் வைத்தேன். பதிவுகாரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அண்ணை பாடிப் பதிந்ததை என்ன செய்வது என்று கேட்டார். அழித்துவிடச் சொன்னேன். அண்ணை இருமுவதை யாரும் கேட்கக் கூடாது என்று காரணமும் சொன்னேன்.

உதவி என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாளும் எனக்கு இருந்த சந்தோஷம் ஒரு உதவிக்காரனுக்கு வருகிற சந்தோஷம் அல்ல. கதவைச் சாத்திய அறையில், எழுபத்து நாலு வயதில், நான் முதல் தடவையாக அரசனாக நின்றேன். அதற்கு அவருடைய பெயர் வேண்டியிருந்தது. என்னுடைய பெயரில் அந்தப் பாட்டை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கனடாவிலிருந்து அது அண்ணையின் பெயரோடும் அவர் முடி சூடிய படத்தோடும் இணையத்தில் வந்தது. மகள் கைத்தொலைபேசியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். நானும் அவர்கள் வீட்டு முற்றத்தில் இருந்தேன். போகாமல் விட எனக்குத் துணிவில்லை. முதல் அடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தலை ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பிறகு தாழ்ந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. முழுவதையும் கேட்டார். முடிந்ததும் மகளைப் பார்த்து, "நான் பரவாயில்லாமல்தான் பாடியிருக்கிறன், என்ன?" என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போட எழுந்து போனாள்.

நாங்கள் இருவரும் தனியே இருந்தோம். அவர் ஏசியிருக்கலாம். "மழை வரும் போலை கிடக்கு, நீ வெளிக்கிடு," என்றார். பிறகு நான் போனபோதெல்லாம் வருத்தம், சுகம், பேரப்பிள்ளைகள் என்று கதைத்தார். நாடகம் பற்றி ஒரு சொல் வரவில்லை. எட்டு மாதத்தில் இறந்துபோனார். மரண அறிவித்தலை நான்தான் பதிந்தேன். வேறு யாரையும் அவர்கள் நினைக்கவில்லை.

அவர் இறந்து ஒரு வருடம் முடியும் ஆட்டத்திவசம் நெருங்கியபோது மகள் என் வீட்டுக்கு வந்தாள். படங்களைச் சேர்த்து ஒரு நினைவஞ்சலி செய்கிறாளாம். அதில் அப்பாவின் பாட்டைப் போட வேண்டும், அதற்கு முன்னால் நான் இரண்டு வரி பேசவேண்டும். தானே எழுதிக் கொண்டுவந்திருந்தாள். கடைசி வரி, 'இனி அப்பாவின் குரலைக் கேளுங்கள்.' போகும்போது வாசலில் நின்று, தினமும் சமைக்கும்போது அந்தப் பாட்டைப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். அப்பா முன்விறாந்தையில் இருக்கிற மாதிரி இருக்குமாம்.

அடுத்த கிழமை ஒலிப்பதிவுக்கூடத்தில் அந்தத் தாளை ஒலிவாங்கிக்கு முன்னால் பிடித்தேன். எத்தனையோ பேருடைய சாவை நா தடுமாறாமல் வாசித்தவன். முதல் வரியை வாசித்தேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன். மறுபடி எடுத்தோம், மறுபடியும் நின்றேன். பதிவுகாரர், "ஐயாவுக்குக் களைப்புப் போலை," என்றார். அண்ணை பாடிய பதிவு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கணினியிலும் பழைய தட்டு ஒன்றிலும் தேடினார். "நீங்கள்தானே ஐயா அழிக்கச் சொன்னனீங்கள்," என்றார் கடைசியில்.

அங்கிருந்து நேரே உடுவிலுக்கு பஸ் எடுத்தேன். மகள் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருக்கச் சொன்னாள். இருந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த துவாயை மடித்தாள். மறுபடி விரித்தாள்.

"அப்ப, இந்தப் பத்து மாசமும் நான் உங்கடை குரலைக் கேட்டோ அழுதனான்?"

"ஓம் பிள்ளை."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"முதல் அடியிலையே தெரிஞ்சது."

"தெரிஞ்சும் எனக்குச் சொல்லேல்லை." துவாயைக் கொடியில் போட்டாள். "இருமினாலும் பரவாயில்லை மாமா. அவர் இருமிறதைக் கேட்டுத்தானே நான் வளந்தனான்."

மன்னிப்பு என்று ஒரு சொல்லை எடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அது எனக்கு வேண்டாம், ஒரு காரியம் செய்யுங்கள் என்றாள். இணையத்தில் இருக்கும் அந்தப் பாட்டிலிருந்து அப்பாவின் பெயரையும் படத்தையும் எடுப்பிக்க வேண்டும். அதன் கீழே என் பெயரைப் போட வேண்டும். "உங்கடை பாட்டு எண்டால் உங்கடை பேரிலை கிடக்கட்டும்," என்றாள்.

முப்பது வருடமாக நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். இப்படி அதை வாங்குவேன் என்று நினைக்கவில்லை.

திவசத்துக்கு வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. போனேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் படம் போட்டார்கள். முடியோடு அண்ணை, வள்ளத்தில் அண்ணை, பேரப்பிள்ளையைத் தோளில் வைத்திருக்கும் அண்ணை. சத்தம் இல்லை. கனடாக்காரருக்காகப் பதிந்த பாட்டு இருந்ததே, ஏன் போடவில்லை என்று ஒரு உறவுக்காரர் கேட்டார். மகள் வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டே, "அப்பான்ரை குரல் எங்களிட்டை இல்லை," என்றாள். என் பக்கம் பார்க்கவில்லை.

சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். முதலாவதுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, ஆயிரக்கணக்கானோர் கேட்டு மகிழும் பாட்டை ஏன் குழப்புகிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். மூன்றாவதில் நடந்ததைத் திகதியோடு எழுதிக் கையெழுத்து வைத்தேன். செயலாளர் தொலைபேசியில் வந்து, வயது போனால் இப்படி மாறாட்டம் வருவது வழமை என்றும், நான் அண்ணையோடு இத்தனை காலம் ஆடியதால் அப்படித் தோன்றலாம் என்றும் மிகவும் மரியாதையாகச் சொன்னார். தொலைபேசியிலேயே செயலாளருக்கு அந்த அரசன் பாட்டில் நாலு அடி பாடிக் காட்டினேன். "அச்சாவாய் அவரைப் போலையே பாடுறியள்," என்றார்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்தப் பாட்டில் கேட்பது அண்ணையின் குரல் அல்ல. தனக்காகக் குரல் கொடுக்கும்படி அவர் என்னைக் கேட்கவும் இல்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் கிழமையில் மகள் தொலைபேசி எடுக்கிறாள். சுகம் கேட்பதில்லை. "மாத்தியாச்சோ மாமா?" என்று மட்டும் கேட்கிறாள். இன்னும் இல்லைப் பிள்ளை என்கிறேன். சரி என்று வைத்துவிடுகிறாள்.